தலைகீழாய் நின்ற பதினெட்டுத் திரைகள்

உப்பளம் என்கிற பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற ஜோசெத்துக்கு நாற்பத்திரண்டு வயது. மூக்கின் நுனியில் கண்ணாடி, காதோரம் எப்போதும் ஒரு பேனா. வலது கை யாருடைய ஆதார் அட்டையையோ பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போதே, இடது கை பக்கத்து மடிக்கணினியில் பொலிவியாவில் இருக்கும் ஒருவருடைய கணினிக்குக் குரல் வரவைத்துக்கொண்டிருக்கும். அட்டை கொண்டுவந்தவருக்குப் பொலிவியா தெரியாது, பொலிவியாக்காரருக்கு உப்பளம் தெரியாது. இரண்டு பேருமே "ரொம்ப நன்றி மேடம்" என்றுதான் முடிப்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஜோசெத்துக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும். முக்காலியில் உட்கார்ந்தபடியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை ஆட்டிக்கொள்வாள்.

அவள் தானே எழுதி, பதினோரு வருடமாகப் பராமரித்து வருகிற நிரலுக்கு வத்திப்பெட்டி என்று பெயர். கணினிக்குள் இருக்கிற உறுப்புகள் எல்லாம் பிறவி ஊமைகள். ஒலிபெருக்கி, வைஃபை, திரை என்று ஒவ்வொன்றோடும் பேசத் தெரிந்த ஒரு குட்டி நிரல் கூடவே இருந்தால்தான் அது வாயைத் திறக்கும். அந்தக் குட்டிக்கு டிரைவர் என்று பெயர். கணினியைத் துடைத்துப் புதிதாக நிறுவும்போது இந்தக் குட்டிகள் காணாமல் போய்விடும். பழைய மாடலாக இருந்தால் தேடிப் பிடிப்பதற்குள் தாடி நரைத்துவிடும். வத்திப்பெட்டியை ஒரு பென்டிரைவில் போட்டுச் செருகினால், அது உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மோந்து பார்க்கும், தன் பட்டியலோடு ஒப்பிடும், பொருத்தமான டிரைவரை ஏற்றிவிடும். இணையம்கூட வேண்டாம். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, 'இன்னும் முப்பது நாள்தான்' என்கிற மிரட்டலும் இல்லை.

ஆரம்பித்து வைத்தவன் அவளுடைய தம்பி தியரி. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. ஒவ்வொருவராகப் பறந்துபோனார்கள். ஜோசெத் மட்டும் போகவில்லை. மூலக்குளத்தில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பலராமன் மீது அவளுக்குக் கண் விழுந்திருந்தது. கல்யாணத்துக்கு வேன் வைத்து வந்த பலராமனின் சொந்தக்காரர்கள், மாதாகோவிலில் எப்போது எழ வேண்டும் எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் ஒன்றரை மணி நேரம் எழுந்து எழுந்து உட்கார்ந்தது தனிக்கதை. பிறகு ஒரு நாள் தியரி, உறவுக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லி, அங்கே துலூஸ் நகரத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய மடிக்கணினிகளை அனுப்பினான். ஒன்பதும் ஊமை. ஜோசெத் ஒவ்வொன்றாகப் பேசவைத்தாள். பத்தாவதை யாராவது கொண்டுவருவார்களே என்று செய்ததையெல்லாம் குறித்து வைத்தாள். குறிப்பு பட்டியலானது. பட்டியல் நிரலானது. அதை இணையத்தில் போட்டுவிட்டு ஆறு மாதம் மறந்திருந்தாள். திரும்பிப் பார்த்தபோது உள்ளே நாலாயிரம் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள், வீட்டுக்காரி இல்லாத வீட்டில் விருந்தாளிகள் மாதிரி.

வத்திப்பெட்டிக்குச் சில பழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு மீன் பெயர். போன வருடம் நெத்திலி வெளியானபோது, அந்தச் சொல்லை நாக்கில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாத நாடுகளிலிருந்தெல்லாம் "நெத்திலி அருமை" என்று கடிதம் வந்தது. இன்னொரு பழக்கம் கொஞ்சம் கறாரானது. பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர வேண்டுமானால் அதை இரண்டு வெவ்வேறு கணினிகளில் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். வரிக்குப் பக்கத்திலேயே, பார்த்தவர்கள் பெயர் இருக்கும். பதினாலாயிரத்துச் சொச்சம் வரிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்சி, கல்யாணப் பதிவு போல. பதினோரு வருடத்தில் ஜோசெத் இந்தச் சட்டத்தை மீறியதில்லை.

மீறியது காலாப்பட்டுக்காக.

காலாப்பட்டில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து கடல் பக்கம் இறங்கினால் மீனவர் குப்பம். அங்கே மகளிர் குழுவை நடத்துகிற மணியம்மாள், கை வீசி நடந்தால் காற்றே ஒதுங்கிப் போகிற மாதிரி ஒரு பெண்மணி. சென்னையில் கடையை மூடின ஏதோ ஒரு கம்பெனி, துடைத்தெடுத்த பத்தொன்பது மடிக்கணினிகளைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. திரையை முழுக்க மல்லாத்தித் தரையோடு தரையாக விரிக்கக்கூடிய வகை. சமுதாயக் கூடத்தை ஒட்டின ஓர் அறையில் வரிசையாக வைத்தார்கள். ஒன்றிலும் சத்தம் இல்லை, வைஃபை இல்லை. வீடியோவில் ஆட்கள் மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடினார்கள்.

அந்த அறை மீது ஊர்ப் பஞ்சாயத்துக்கும் ஒரு கண். புதிதாக வாங்கிய பெரிய ஐஸ் பெட்டியை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். தலைவர் வெற்றிவேல் மணியம்மாளுக்குச் சொந்தக் கொழுந்தனார். ஆனால் ஊர் விஷயத்தில் உறவு பார்க்கிற ஆளில்லை.

"இது ஒரு வருசத்துல குப்பையாப் பூடும் அண்ணி," என்றார் அவர். "ரிப்பேர் ஆனா யாரு பாக்குறது? நீ பாப்பியா? சனிக்கிழம நாலு மணிக்கு நாங்க அஞ்சு பேரும் வரோம். எல்லாம் ஓடுனா ரூமு உங்களுக்கு. ஓடலன்னா பெட்டிய எறக்கிடுவோம்."

மணியம்மாள் யார் யாரையோ விசாரித்து உப்பளம் கடைக்கு வந்து நின்றாள். கையில் ஒரு காய்கறிப் பை. அதற்குள் பத்தொன்பதாவது மடிக்கணினி.

"யம்மா, நீதான் இதுக்கெல்லாம் வைத்தியம் பாக்குறியாமே? ஒண்ணு எடுத்தாந்திருக்கேன். இதுக்குச் சரியாச்சுன்னா மத்த பதினெட்டுக்கும் சரியாயிடும். எல்லாம் ஒரே வயித்துப் புள்ளைங்க."

"இது தெர கழண்டு தொங்குதே?"

"அதான் இத எடுத்தாந்தேன். நல்லத யாராச்சும் வைத்தியத்துக்குத் தருவாங்களா?"

ஜோசெத்துக்கு அந்தப் பதிலிலேயே மணியம்மாளைப் பிடித்துப் போய்விட்டது. "சனிக்கிழம எல்லாம் ஓடும்" என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் நாள்காட்டியைப் பார்த்தாள். அன்று திங்கள்.

தொங்குகிற திரை பலராமன் இலாகா. மூலக்குளத்துக் கடையில் இரண்டு மோட்டார்களுக்கு நடுவே வைத்து, அவன் கீலைச் சரிசெய்து, திரையைக் கழற்றி, ஒயரைச் சேர்த்து, மூடி, புதன்கிழமை கொண்டுவந்து கொடுத்தான். போட்டுப் பார்த்தால் படம் தலைகீழாக வந்தது.

"தெர வந்துடுச்சு. தலகீழா வர்றது சாப்ட்வேரு. அது உன் டிபார்ட்மெண்டு," என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டான்.

ஜோசெத் நம்பினாள். இந்த வகைக் கணினிகளில் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று உணர்ந்து படத்தைத் திருப்புகிற சில்லு ஒன்று உண்டு. இந்த மாடலில் அந்தச் சில்லுக்கு மேல் கீழ் புத்தி மாறியிருக்கிறது என்று முடிவுகட்டினாள். மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டாள். வியாழன் சத்தம் வந்தது. வெள்ளி மத்தியானம் வைஃபை வந்தது. வெள்ளி சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, பட்டியலில் அந்தச் சில்லுக்கு எதிரே 'திருப்பு' என்று ஒரு வரி சேர்த்ததும், படம் ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்து உட்கார்ந்தது.

"வொலா!" என்று பிரெஞ்சில் கத்தினாள். பலராமன் ஓடிவந்தான். இரண்டு பேரும் சமையலறையில், குக்கர் விசிலுக்குத் தாளம் தப்பாமல் ஆடினார்கள்.

இரண்டாவது கணினியில் பார்க்க நேரமில்லை. மற்ற பதினெட்டும் காலாப்பட்டில். ஜோசெத் விரலைக் கடித்தாள்.

"என்னாங்க, நிமிந்து நிக்கிறத நீங்க பாத்தீங்கல்ல?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"அப்போ நீங்கதான் ரெண்டாவது சாட்சி."

இரண்டு கணினி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆள். புருஷன் பொண்டாட்டி. அந்தச் சின்னப் பித்தலாட்டத்தோடு, சங்கரா என்று மீன் பெயர் சூட்டிய புதுப் பதிப்பு வெள்ளி இரவு ஏழு மணிக்கு உலகத்துக்குள் இறங்கியது.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு, கடையில் ஒரு கல்லூரிப் பையனின் ப்ராஜெக்டுக்கு ஸ்பைரல் போட்டுக்கொண்டிருக்கும்போது, மணியம்மாள் கூப்பிட்டாள்.

"அல்லோ?"

"யம்மா ஜோசெத்து, நீ குடுத்தனுப்புன பென்டிரைவ, நீ சொன்னாப்ல எல்லாத்துலயும் போட்டேன். சத்தம் வந்துடுச்சு. வைஃபை வந்துடுச்சு. பாட்டு ஜோரா கேக்குது."

"அப்பாடி!"

"ஆனா தலகீழா நிக்குது."

"எது?"

"எல்லாம். பாடுற பொண்ணு தலகீழா பாடுறா. பதினெட்டுலயும்."

"நேத்து வரைக்கும் எப்படி இருந்துது?"

"நேத்து வரைக்கும் நேராத்தான் இருந்துது. சத்தம்தான் இல்ல."

"இத நீங்க எங்கிட்ட சொல்லலையே!"

"நேரா இருக்குதுன்னு யாராச்சும் வைத்தியர்கிட்ட சொல்வாங்களாம்மா?"

ஜோசெத் ஸ்பைரலைப் பாதியில் விட்டாள். அதே நேரம் மடிக்கணினியில் ஒரு கடிதம் குதித்தது. ரெயூனியோன் தீவில் பள்ளிக்கூட ஆசிரியை சாந்த்ரின், சுத்தமான பிரெஞ்சில் எழுதியிருந்தாள்: "மதிப்புக்குரிய மேடம், தங்கள் சங்கராவுக்கு நன்றி. மடிக்கணினியை மல்லாத்திவிட்டு, இந்தக் கடிதத்தை என் மேசையின் மறுபக்கத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். இது தற்காலிகம்தானே என்று அறிய ஆவல்."

"மோன் தியூ," என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டாள் ஜோசெத். முதலாளியிடம் தலைவலி என்று பொய் சொல்லத் தோன்றவில்லை. "என்னால காலாப்பட்டுல பதினெட்டு லேப்டாப் கவுந்துடுச்சு. போய் நிமித்திட்டு வரேன்," என்றாள். அவர் ஒன்றும் புரியாமலேயே தலையாட்டினார்.

பலராமன் ஸ்கூட்டரை எடுத்தான். பின்னால் ஜோசெத், அவள் மடியில் காய்கறிப் பை, பைக்குள் அந்த உத்தமமான பத்தொன்பதாவது. ஈ.சி.ஆர் சாலையில் வெயில் தார்மேல் தண்ணீர்போல அசைந்தது.

"நாலு மணிக்குள்ள நிமித்தலன்னா ரூமு போயிடும்யா," என்று அவன் காதில் கத்தினாள். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அவளுக்குப் புருஷன் 'யோவ்'தான், 'யா'தான். "ஐஸ் பெட்டிய எறக்கிடுவாங்க. மணியம்மாவுக்கு நான் வாக்குக் குடுத்தேன்."

"நிமித்திடலாம். நீ பொலிவியாவையே நிமித்துனவ."

"ரெண்டாவது மெஷின்ல பாக்காம போட்டேன். பதினோரு வருசத்துல ஒரு தடவ."

"சாட்சி நான்தான இருந்தேன்?"

"அதான் பயமா இருக்குது."

குப்பத்து அறைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஜோசெத் வாசலிலேயே நின்றுவிட்டாள். குழுப் பெண்கள் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கணினியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார்களாம். கவிழ்த்தால் படமும் கூடவே திரும்பிக்கொண்டு மறுபடியும் தலைகீழாக நின்றதாம், அடம்பிடிக்கிற மாடு மாதிரி. அதனால் மல்லாத்தித் தரையில் விரித்துவிட்டார்கள். திரைப் பக்கம் ஒருத்தி, விசைப் பக்கம் ஒருத்தி, பல்லாங்குழி ஆடுவதுபோல எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திரைப் பக்கம் உட்கார்ந்தவளுக்குப் படம் நேராகத் தெரிந்தது, அவள் படித்துச் சொன்னாள். எதிரே உட்கார்ந்தவள் தட்டினாள்.

"ம அடி. மீனவர்க்கு ம. ஒரு ம போதும்டி, மூணு எதுக்கு?"

"நீ நேரா பாத்துக்கினு சொல்லுவ. நான் குருடி மாதிரி தட்டுறேன். எடம் மாறு."

"மாறினா எனக்குத் தலகீழா ஆயிடுமே!"

அறை முழுக்கச் சிரிப்பு. பதினெட்டுத் திரைகளிலிருந்து பதினெட்டுப் பாட்டு. கழுத்தை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த பூவிழி என்கிற இளம்பெண் நிமிர்ந்து, "அக்கா, பழகிடுச்சு. இப்ப நேரா இருக்கறதப் பாத்தாதான் எனக்குத் தல சுத்துது," என்றாள். ஜோசெத்துக்கு அழ வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

தரையில் உட்கார்ந்தாள். ஒரு கணினியில் அந்தத் 'திருப்பு' வரியை மட்டும் எடுத்துப் பார்த்தாள். படம் பளிச்சென்று நிமிர்ந்தது. பையிலிருந்ததை எடுத்து அதிலும் அதே வரியை எடுத்தாள். அது குப்புற விழுந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே மாடல். ஒரே எண். சில்லின் அடையாளம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. ஒரே கேள்விக்கு இரண்டு பதில். மணி ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. காதோரப் பேனாவை எடுத்து முன்கையில் கணக்குப் போட ஆரம்பித்தாள். காரணம் தெரியாமல் வரியை எடுத்தால் நாளைக்கு வேறு எதுவோ கவிழும். ஒன்றைச் சரியாக்கினால் இன்னொன்று போகிறது, எதை நம்புவது?

வாசலில் நின்ற பலராமன் உள்ளே வந்து, பத்தொன்பதாவதன் திரை விளிம்பைத் தடவினான். 

"ஜோசு."

"பேசாதீங்க, எண்ணிக்கினு இருக்கேன்."

"அந்தத் தெரைய மாட்டும்போது ஒயரு எட்டல."

"எந்த ஒயரு?"

"தெரைக்குப் போற ஒயரு. ஒரு விரக்கட எட்டல. மேல எது கீழ எதுன்னு தெரைல எழுதியும் இல்ல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்துது. அதனால..."

"அதனால?"

"தெரையத் திருப்பி மாட்டிட்டேன். எட்டிடுச்சு."

 ஜோசெத் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் மூன்று நாள் தூங்காமல், சாப்பாட்டுத் தட்டைப் பார்க்காமல், புருஷன் தலைகீழாக மாட்டிய ஒரே ஒரு திரைக்காக, உலகத்தில் இருக்கிற அத்தனை நல்ல திரைகளையும் கவிழ்த்திருக்கிறாள். அதற்குச் சாட்சியாக அதே புருஷனின் பெயரைப் போட்டிருக்கிறாள்.

முதலில் சிரித்தது மணியம்மாள். குலுங்கிய குலுங்கலில் மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலம் உருண்டது. அடுத்தது பூவிழி. பிறகு யார் முதல் யார் கடைசி என்று சொல்ல முடியாது. ஜோசெத் தரையில் படுத்துவிட்டாள், மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது, "யோவ்... யோவ்..." என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. பலராமன், "எட்டலன்னா என்னாதான் பண்றது?" என்று நியாயம் கேட்கக் கேட்க, அலை மறுபடி மறுபடி எழுந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது மணி இரண்டே கால். காரணம் தெரிந்துவிட்டதால் கை தானாக ஓடியது. வரியை எடுத்து, பூவிழியின் போனிலிருந்து இணையம் வாங்கி, திருத்திய சங்கராவை வெளியே அனுப்பினாள். குறிப்பில் தமிழிலும் பிரெஞ்சிலும் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: இந்தப் பிழை என்னுடையது. ஒரே கணினியில் பார்த்துவிட்டு இரண்டில் பார்த்ததாகப் போட்டேன். அந்தக் கணினியின் திரை என் கணவரால் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது.

"என் பேரப் போடாத," என்று பலராமன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"போடல. கணவர்னுதான் போட்டிருக்கேன். எனக்கு எத்தன கணவரு?"

மூன்றே நிமிடத்தில் ரெயூனியோனிலிருந்து பதில்: "மேடம், மேசையின் இந்தப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டேன். தங்கள் கணவருக்கு என் மரியாதைகள்."

இனி பதினெட்டு. முதலில் சோதித்த ஒன்று ஏற்கெனவே நேராகிவிட்டது, ஆக பதினேழு. ஒவ்வொன்றும் இரண்டு முறை அணைந்து எழ வேண்டும், பதினைந்து நிமிடம் பிடிக்கும். இருந்த பென்டிரைவ் மூன்று. மூன்று மூன்றாகப் போனாலும் நாலு மணியைத் தொட்டுத் தொடாமல் நிற்கும். ஜோசெத் ஒன்றுக்குச் செய்து காட்டினாள், "பாத்துக்கிட்டீங்கள்ல? இனிமே நீங்களே," என்றாள். பூவிழி ஒரு பென்டிரைவை எடுத்தாள், மணியம்மாள் ஒன்றை எடுத்தாள். ஒன்பது நிமிர்ந்திருந்தபோது, மணி மூன்று அடித்து ஐந்து நிமிடம், வெளியே ஒரு மினி லாரி வந்து நின்றது. முதுகில், வெள்ளை வெளேரென்று, ஒரு குட்டி யானை அளவுக்கு ஐஸ் பெட்டி.

வெற்றிவேலும் பஞ்சாயத்தார் நாலு பேரும் இறங்கினார்கள். லாரி இஞ்சினை அணைக்கவில்லை.

"நாலு மணின்னுதான சொன்னீங்க கொழுந்தனாரே?" என்றாள் மணியம்மாள்.

"லாரிக்காரனுக்கு வேற சவாரி இருக்குதாம். எப்ப பாத்தா என்னா அண்ணி, ஓடுறது ஓடும், ஓடாதது ஓடாது." உள்ளே எட்டிப் பார்த்தார். கழுத்து மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. "இன்னாது இது, பாதி தலகீழா கீது?"

மணியம்மாள் அவருக்கும் திரைகளுக்கும் நடுவே புகுந்தாள். "முதல்ல கலர் சோடா குடிங்க. ஏய், கலர் எடுத்தா—"

"வேணாங்க மணியம்மா," என்று ஜோசெத் எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்ததால் எழுந்தவள் ஒரு சுற்றுச் சுற்றித்தான் நின்றாள். "ஐயா, இதெல்லாம் நான் கவுத்தது. தப்பு என்னுது. இதுல ஒன்பது நிமிந்துடுச்சு, ஒன்பது பாக்கி. பாக்கிய இவங்களே நிமித்திக்கினு இருக்காங்க. நின்னு பாருங்க."

வெற்றிவேல் நின்றார். பூவிழி பத்தாவதில் பென்டிரைவைச் செருகினாள். திரை கறுத்தது. எல்லோரும் கழுத்தைச் சாய்த்தபடி காத்திருந்தார்கள். திரை வெளுத்தது, மறுபடி கறுத்தது. பஞ்சாயத்தாரில் ஒருவர், "பூடுச்சு," என்றார் சாவு வீட்டுக் குரலில். சட்டென்று கடலும் வானமும் நேராக நிமிர்ந்த ஒரு படம் முழுத் திரையிலும் நின்றது. பெண்கள் கூவினார்கள். 'பூடுச்சு' என்றவர் தன்னை மறந்து கைதட்டிவிட்டு, தட்டிய கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இத நீயா பண்ண?" என்று வெற்றிவேல் பூவிழியைக் கேட்டார்.

"ஆமா மாமா. நீங்களும் பண்ணலாம். வாங்க."

"நானா?"

"உக்காருங்க. இத அங்க செருகுங்க. அந்தப் பக்கம் இல்ல, திருப்புங்க. அமுக்காதீங்க மாமா, இது என்னா நண்டா? தொட்டா போதும்."

அவர் தொட்டார். திரை கறுத்த நேரம் முழுவதும் மூச்சு விடவில்லை. நிமிர்ந்ததும், முதல் மீன் பிடித்தவன்போல அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மற்ற நாலு பேரும் விடவில்லை. ஆளுக்கொன்று வேண்டும் என்றார்கள். கடைசிக் கணினிக்கு, வயதில் மூத்தவருக்கா முதலில் கேட்டவருக்கா என்று இரண்டு பேருக்குள் சின்னத் தகராறே வந்தது. பலராமன் தன்னுடைய பத்தொன்பதாவதை நீட்டினான். "இத வேணா எடுத்துக்குங்க. இது மட்டும் தலகீழாவேதான் நிக்கும், கொணமே அப்படி." யாரும் வாங்கவில்லை.

அந்தச் சந்தடிக்குள் லாரிக்காரன் தலையை நீட்டினான். "அண்ணே, பெட்டிய எறக்கவா வேணாவா? டீசல் எரியுது."

 யாரோ பாட்டுகளை நிறுத்தினார்கள். ஜோசெத் மணியம்மாளைப் பார்த்தாள், மணியம்மாள் கொழுந்தனாரைப் பார்த்தாள்.

வெற்றிவேல் தான் நிமிர்த்திய திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ரிப்பேர் ஆனா யாரு பாக்குறதுன்னு கேட்டேன்ல அண்ணி. ஆச்சுன்னா நீங்க எல்லாம் குந்திக்கினு ஒப்பாரி வெப்பீங்கன்னு நெனச்சேன். நீங்களே பாத்துக்குறீங்க." லாரிக்காரன் பக்கம் திரும்பினார். "எறக்காதடா. ரூமு இவங்களுக்கு."

கூச்சல் கூரையைத் தூக்கி ஒரு முழம் தள்ளி வைத்தது. மணியம்மாள் ஜோசெத்தைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கியேவிட்டாள். பலராமனை யாரோ தூக்கப் பார்த்து, முடியாமல், முதுகில் நாலு தட்டுத் தட்டினார்கள்.

"அப்போ பெட்டிய எங்கண்ணே கொண்டுபோறது?" என்றான் லாரிக்காரன்.

"எங்க வூட்டு வாசல்ல வெய்யி. எடம் கீது," என்றார் வெற்றிவேல் தாராளமாக.

"பொண்டாட்டிகிட்ட கேட்டீங்களா கொழுந்தனாரே?" என்றாள் மணியம்மாள்.

தலைவரின் முகத்தில் ஒரு மேகம் ஓடியது. அதற்குள் பலராமன் வெளியே போய், "வா, வா, வா, ஒடி, ஒடி, நேரா வா," என்று லாரியைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டிருந்தான். ஐஸ் பெட்டியின் மூடி படார் படாரென்று அடித்தபடி குப்பத்துச் சந்துக்குள் பின்னாலேயே நகர்ந்தது. வெற்றிவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினார்: "டேய், நில்லுடா! முதல்ல நான் போய்க் கேட்டுட்டு வரேன்!"